அர்கிரோவின் மணல்

வுனாரா, 1993 பிப்ரவரி 27, சனி

செவஸ்தி அக்காவுக்கு அர்கிரோ எழுதுவது.

இன்று இறந்தவர்களின் சனிக்கிழமை. அம்மாவுக்கும் என் வீட்டுக்காரர் நிக்கிதாஸுக்கும் கோதுமை அவித்துக் கோயிலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் பேரையும் சொல்லித்தான் கும்பிட்டேன், உயிரோடு இருப்பவர்களின் பட்டியலில். கோபத்தில் மாற்றிச் சொல்லிவிடவில்லை, பயப்படாதே.

டெலிபோனில் பேசிய லட்சணம் உனக்கும் நினைவிருக்கும். நீ மெல்போர்னிலிருந்து கத்தியது தபால்காரர் வீடு வரை கேட்டது. அதனால் இனிமேல் எழுதுவோம். தாளில் கத்த முடியாது.

நீ அனுப்பிய உறை புதன்கிழமைக் கப்பலில் வந்தது. உள்ளே பவர் பத்திரம். கடைசிப் பக்கத்தில், நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. நீ போட்டதா, உன் மகன் மினாஸ் போட்டானா? கைநாட்டு வைக்கிறவளுக்குத்தான் அப்படிக் குறி போட்டுக் கொடுப்பார்கள். நான் பள்ளிக்கூடம் போகாதவள்தான். ஆனாலும் பைபிள் சங்கீதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே எழுத்துக் கூட்டிப் படித்து, இன்றைக்கு உனக்கு நாலு பக்கம் எழுதுகிறேன். குறியை ரப்பரால் அழித்துவிட்டேன்.

அழித்த பிறகு பத்திரத்தைப் படித்தேன். என் மணலை ஏதென்ஸ் ஹோட்டல் கம்பெனிக்கு விற்க உன் மகனுக்கு அதிகாரம் தருகிறேனாம். என் மணல் என்றதும்தான் ஒன்று உறைத்தது. அது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

சிரிக்காதே. மூத்தவள் நீ. தாய்ச் சொத்து மூத்த மகளுக்கு என்பதால் வீடு உனக்கு, திராட்சைத் தோட்டம் உனக்கு, அம்மா கழுத்துக் காசுமாலை உனக்கு. இளையவளுக்கு மிச்சம், மிச்சம் என்றால் உப்புக் காற்றில் வெங்காயம்கூட முளைக்காத மணல். அதைப் போய் யார் பார்ப்பார்கள்? மலை ஊர்ப் பெண்கள் கடலுக்கு இறங்குவது அந்தக் காலத்தில் வழக்கமும் இல்லை. ஐம்பத்தொன்பது வயதாகிறது, கப்பல் ஏறுகிற துறைமுகத்தைத் தவிர இந்தத் தீவின் ஒரு கடற்கரையைக்கூட நான் மிதித்ததில்லை.

அம்மா எழுதிவைத்த பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். "அமூதி என்ற இடத்தில். கிழக்கே கடல். வடக்கே ஸ்தமாதிஸ் படகு இழுக்கும் பாறை. மேற்கே மாவ்ருக்காவின் அத்திமரம். தெற்கே புனித போக்காஸ் கோயில். அளவு: மணல் உள்ள மட்டும்." அவ்வளவுதான். இந்தத் தீவில் அமூதி என்ற பெயரில் நாலு கடற்கரை இருக்கிறது, மணல் இருக்கிற இடமெல்லாம் அமூதிதானே. இதில் என்னுடையது எது?

உனக்குத் தெரிந்திருந்தால் எழுது. பார்க்காததை விற்க மாட்டேன்.

உன் தங்கை,
அர்கிரோ

---

மெல்போர்ன், 1993 மார்ச் 17

அர்கிரோ,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் குத்தல். பென்சில் குறி வக்கீல் ஆபீஸில் போட்டது. எல்லாருக்கும் போடுவார்கள். எனக்கும் போட்டார்கள், நான் அழுதுகொண்டு உட்காரவில்லை.

எந்த அமூதி என்று உனக்கு எதற்கு? கம்பெனிக்குத் தெரியும், மினாஸுக்குத் தெரியும். நீ கையெழுத்துப் போட்டால் போதும். நீ கறுப்பு கட்டி இன்னும் ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் கழுதையை ஓட்டிக்கொண்டு கடற்கரை கடற்கரையாகச் சுற்றினால் வுனாராவில் என்ன பேசுவார்கள்? அந்தப் பேச்சு கப்பல் ஏறி இங்கேயும் வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நம் ஊர்க்காரர்கள் எண்பது பேர் நிற்கிறார்கள், எல்லாருக்கும் காது இருக்கிறது.

இன்னொன்று. நான் சொல்லவேண்டாம் என்றிருந்தேன், நீ சொல்ல வைக்கிறாய். நீ குடியிருப்பது என் வீடு. நான் இங்கே வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க வைக்காதே.

அந்த மணலில் பார்க்க ஒன்றும் இல்லை. அதை நான் சொல்கிறேன், நம்பு.

செவஸ்தி

---

வுனாரா, 1993 மே 11

கிறிஸ்து உயிர்த்தார், அக்கா!

ஈஸ்டர் முடிந்து நாற்பது நாளைக்கு இதைச் சொல்லாமல் கடிதத்தைத் தொடங்கக் கூடாது, உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும். நீயும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும், என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும். சட்டம் அப்படி.

உன் வீடு என்று எழுதியிருந்தாய். உன் வீடுதான். அந்த உன் வீட்டுக்கு முப்பத்தைந்து ஈஸ்டருக்கு நான் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். என் நோட்டில் வருஷவாரியாக இருக்கிறது. கூரை மண்ணைப் பதினோரு தடவை கொத்திப் புதுசாகப் போட்டிருக்கிறேன். எழுபத்தாறாம் வருஷப் புயலில் வடக்குச் சுவர் வாயைப் பிளந்தபோது நானும் நிக்கிதாஸும் மூன்று நாள் கல் சுமந்தோம். நீ அந்த வாரம் எங்களுக்கு ஒரு போட்டோ அனுப்பினாய், கங்காருவோடு. கணக்குக் கேட்கவில்லை. நீ "ஒரு வார்த்தை கேட்டதில்லை" என்று எழுதியதால் நானும் கேட்காத ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

நான் புறப்பட்டுவிட்டேன். கழுதை மேல் ஒரு பையில் காய்ந்த ரொட்டி, ஆலிவ் காய், பாலாடைக்கட்டி. இன்னொரு பையில் விளக்குக்கு ஒரு போத்தல் எண்ணெய், திரி. வழியில் எத்தனை கோயில் வந்தாலும் தூங்காவிளக்கை ஏற்றிவிட்டுப் போவது என்று வேண்டிக்கொண்டேன். நம் பாதிரியார் பாப்பா யாக்கோவோஸ் கோயில் வாசலில் மறித்தார். "அர்கிரோ, துக்கத்துல இருக்கிற பொம்பள வீட்டுக்குள்ள இருக்கணும்மா" என்றார். "சாமி, நான் கோயிலுக்குத்தான் போறேன்" என்றேன். "எந்தக் கோயிலுக்கு?" "எல்லாத்துக்கும்." அவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். வேண்டுதலைத் தடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை, எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

முதல் அமூதி துறைமுகத்துக்குப் பக்கத்தில். இறங்கியதும் காபிக் கடை ஆம்பளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

"வுனாராக்காரி கடலுக்கு வந்திருக்காடோய்! மலையில உப்பு தீந்துபோச்சாம்மா?"

"உப்பு இருக்கு," என்றேன். "உங்க நாக்குலதான் காணோம்."

"எதைத் தேடுற?"

"ஸ்தமாதிஸ் படகு இழுக்கிற பாறையை."

"எந்த ஸ்தமாதிஸ்? எங்க அப்பன் ஸ்தமாதிஸ், இவன் மாமன் ஸ்தமாதிஸ், அதோ நாயும் ஸ்தமாதிஸ்!"

ஆனாலும் நல்லவர்கள். சிரித்து முடித்ததும் எழுந்து வந்து கூடவே தேடினார்கள். பாறை இல்லை, அத்திமரம் இல்லை, அங்கே இருப்பது புனித நிக்கோலாஸ் கோயில். விளக்கை ஏற்றிவிட்டு ஒரு காபி குடித்தேன். காசு வாங்க மாட்டேன் என்றார்கள். ஆம்பளைகளின் காபிக் கடையில் உட்கார்ந்து காபி குடித்த முதல் வுனாராப் பெண் நான்தான் என்று எழுதிக்கொள். அந்த எண்பது பேரிடமும் சொல்.

இரண்டாவது அமூதி தெற்கே, லாக்கி ஊருக்குக் கீழே. அங்கே போகாதே என்று லாக்கிப் பெண்கள் ஜன்னலுக்கு ஜன்னல் சொன்னார்கள், காரணத்தை மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை. இறங்கிப் பார்த்தால் ஜெர்மன்காரர்கள். முப்பது பேர் இருப்பார்கள். ஆதாமும் ஏவாளும் தோட்டத்தில் இருந்தபோது எப்படி இருந்தார்களோ அப்படி, ஆனால் ரொம்பச் சிவந்துபோய். நான் தலை முதல் கால் வரை கறுப்பு, கையில் கழுதைக் கயிறு. யாருக்கு அதிர்ச்சி அதிகம் என்று தெரியவில்லை. ஒரு பெரியவர் எழுந்து நின்று, இருந்த ஒரே மரியாதையாகத் தொப்பியை எடுத்து வணக்கம் சொன்னார். தொப்பியை வேறு இடத்தில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். ஒரு பெண் தர்ப்பூசணி வெட்டிக் கொடுத்தாள், தின்றேன். கழுதையும் தோலைத் தின்றது. கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை, அக்கா, மூடினால் எல்லையை எப்படிப் பார்ப்பது? பாறை இருந்தது, அத்திமரமும் இருந்தது, கோயில் மட்டும் இல்லை. அதனால் அதுவும் என்னுடையது அல்ல. கடவுளுக்கு நன்றி.

இன்னும் இரண்டு இருக்கிறது. கையெழுத்து இன்னும் இல்லை.

அர்கிரோ

---

மெல்போர்ன், 1993 மே 29

மெய்யாகவே உயிர்த்தார். அதோடு மரியாதை முடிந்தது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே உன் கதை வந்துவிட்டது. கோயில் படியில் ஒருத்தி கேட்கிறாள், "உங்க தங்கச்சி அம்மணக் கடற்கரையில இருக்காங்களாமே?" என்று. தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். மினாஸ் சிரித்தான். அவன் இங்கேயே வளர்ந்தவன், அவனுக்கு எல்லாம் சிரிப்புதான்.

அர்கிரோ, நான் உன்னைக் கெஞ்சுகிறவள் இல்லை. கம்பெனிக்காரர் காத்திருக்கமாட்டார். ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள் வரைதான் நேரம். அதற்குள் கையெழுத்து வராவிட்டால் மினாஸ் அங்கே வந்து வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்வான். வீட்டைக் கோடைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு விட எனக்கு உரிமை இருக்கிறது. உனக்கு மணல் பெரிதா, தலைக்கு மேல் கூரை பெரிதா என்று நீயே முடிவு பண்ணு.

அந்த மணலில் உனக்கு என்ன இருக்கிறது? நீ அங்கே ஒரு நாள் இருந்தவளா? நான் இருந்தேன். நீ அப்போது காய்ச்சலில் அத்தை வீட்டில் படுத்திருந்தாய். அந்த இடத்தின் மேல் சிமென்ட் போட்டு மூடிவிட்டால் எனக்கு நிம்மதி. இதற்கு மேல் கேட்காதே.

செவஸ்தி

---

வுனாரா, 1993 ஜூன் 20

அக்கா,

கண்டுபிடித்துவிட்டேன்.

மூன்றாவதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, கூழாங்கல்லும் பிளாஸ்டிக்கும்தான். நாலாவது வடகிழக்கு முனையில், கலாமி ஊரையும் தாண்டி. கலாமி வரை வண்டிப் பாதை, அதற்கப்புறம் ஒரு மணி நேரம் ஆட்டுத் தடம். கழுதையே இரண்டு இடத்தில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. கடைசித் திருப்பத்தில் கடல் தெரிந்தது. அக்கா, நான் வர்ணிக்கத் தெரிந்தவள் இல்லை. தேவாராதனையில் திரை விலகும்போது வருமே ஒரு மூச்சு, அது வந்தது. அப்புறம் கீழே இறங்கினேன்.

வடக்கே பாறை இருக்கிறது, படகு இழுத்த கயிறு அறுத்த தடம் பள்ளமாக இருக்கிறது. தெற்கே கோயில், ஆள் உயரம்தான், புனித போக்காஸ், தோட்டக்காரர்களுக்கும் கடலோடிகளுக்கும் சாமி. படகு வைக்கிற ஒரு கல்கொட்டகை, கதவு இல்லாமல். மேற்கே அத்திமரத்தின் அடிக்கட்டை மட்டும். கோயிலுக்குள் போனேன், இருட்டாக இருக்கும், பூச்சி இருக்கும் என்று நினைத்து. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பின்னால் ஒரு குரல். "யாரும்மா அது? எண்ணெய நான் ஊத்தியாச்சே!" கலாமியிலிருந்து வெள்ளாடு ஓட்டி வரும் காத்தினா. நாற்பது வயதிருக்கும், ஆம்பளை பூட்ஸ் போட்டிருந்தாள். யார் என்று சொன்னேன்: வுனாரா, அர்கிரோ.

அவள் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டாள். "அர்கிரோவா? எந்த அர்கிரோ? மணலோட அர்கிரோவா?"

"என்ன மணல்?"

"ஐயோ, இது பேரே அர்கிரோவோட மணல்தானேம்மா! எங்க மாமியா காலத்துலருந்து அப்படித்தான் சொல்றோம். பாறைக் குழியில உப்பு எடுக்கறப்ப எங்க ஊர்ப் பொம்பளைங்க கத்துவாளுங்க, 'அர்கிரோ, ஒரு கூடை எடுத்துக்கறோம்டி!'ன்னு. செத்துப்போன யாரோ மகாராணின்னுல்ல நெனச்சிருந்தோம்!"

அந்த வெயிலில் மணலில் உட்கார்ந்து அழுதேன். அம்மா என் பேருக்கு எழுதிவைத்த நாளிலிருந்து, முப்பத்தெட்டு வருஷமாக, முகம் தெரியாத பெண்கள் என் பேரைச் சொல்லிக் கேட்டுவிட்டு உப்பு எடுத்திருக்கிறார்கள். இங்கே மலையில் நான் இதை மிச்சம் என்று நினைத்து, உன் காசுமாலைக்குப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். மணலில் வரிசையாக முளைக்குச்சிகள், தலையில் சிவப்புச் சாயம். உன் கம்பெனி அளந்துவிட்டுப் போயிருக்கிறது. ஒரு குச்சி கோயில் வாசலில், சரியாகப் படியை ஒட்டி. கையெழுத்துக்கு முன்பே சாமிக்கும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். இருபத்தேழு குச்சி. நானும் காத்தினாவும் எல்லாவற்றையும் பிடுங்கினோம். அவள் அதை வைத்து அடுப்பு மூட்டினாள், பால் காய்ச்சிக் குடித்தோம்.

நீ அங்கே இருந்ததாக எழுதியிருக்கிறாய். எப்போது? எதற்கு? கேட்காதே என்றால் கேட்கவில்லை. ஆனால் நான் விற்க மாட்டேன். மாதா திருநாளுக்கும் மாட்டேன், அதற்கப்புறமும் மாட்டேன். மினாஸை அனுப்பு. சாவி ஆணியில் தொங்குகிறது.

அர்கிரோ

---

மெல்போர்ன், 1993 ஜூலை 6

மினாஸ் ஜூலை 28 கப்பலில் வருகிறான். வீட்டைக் காலி செய்து வை. சாமி படங்களை எடுத்துக்கொள், அவை உன்னுடையவை.

செவஸ்தி

---

அர்கிரோவின் மணல், 1993 ஆகஸ்ட் 4

அக்கா,

மேலே முகவரியைப் பார். தபால்காரரிடம் சொல்லிவிட்டேன். சிரித்தார், ஆனால் எழுதிக்கொண்டார். கடிதத்தைக் கலாமி காபிக் கடையில் வைத்தால் காத்தினா கொண்டுவருவாள்.

உன் மகன் வந்தான். உன் கண், உன் முகவாய். நம் பாஷையைப் பல்லில் கல் அகப்பட்டவன் மாதிரிப் பேசுகிறான், ஆனால் குணம் நல்லது. வாசலில் நின்று, "சித்தி, எனக்கு இது பிடிக்கல. அம்மாதான்..." என்று இழுத்தான். "அம்மாவக் குறை சொல்லாதடா, உள்ள வா, சாப்பிடு" என்றேன். சாப்பிட்டான், மூன்று தட்டு. அப்புறம் சாவியைக் கொடுத்தேன். வீடு துடைத்த கண்ணாடி மாதிரி இருக்கிறது. பார்த்துவிட்டு உனக்குப் போட்டோ அனுப்பச் சொன்னேன், குறை இருந்தால் எழுது. நான் எடுத்து வந்தவை: சாமி படங்கள், இரண்டு கம்பளி, பெரிய பானை, என் நோட்டுகள், கோழி நாலு. மீதி எல்லாம் உன்னுடையது.

மினாஸே கழுதைக்குப் பின்னால் பானையைத் தூக்கிக்கொண்டு இங்கே வரை வந்தான். வியர்த்து விறுவிறுத்துப்போய்க் கடலைப் பார்த்தான். "கம்பெனிக்கு இதக் குடுக்கச் சொல்லியா நான் அலைஞ்சேன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் குதித்தான். கால்சட்டை இருந்தது, ஜெர்மன்காரர் மாதிரி இல்லை.

கல்கொட்டகைக்கு நானும் அவனும் ஓலைக்கூரை போட்டோம். காத்தினா பழைய கதவு ஒன்று கொண்டுவந்தாள். கலாமிப் பெண்கள் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள், ஒருத்தி பாய், ஒருத்தி விறகு. எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி, "உப்புக்கு" என்றார்கள்.

சரி, இப்போது உனக்குச் சந்தோஷமான செய்தி. தண்ணீர் இல்லை.

கலாமிக் கிணற்றிலிருந்து கழுதையில் கொண்டுவருகிறேன், போக ஒரு மணி, வர ஒரு மணி. இரண்டு குடம் வரும். கோழிக்கு, கழுதைக்கு, எனக்கு. முந்தாநாள் கழுதை கால் இடறி ஒரு குடம் கொட்டியது, அன்றைக்கு நானும் கோழியும் ஒரே கிண்ணத்தில் குடித்தோம். முழங்கால் வீங்கியிருக்கிறது. குளிர்காலம் வந்தால் அந்தத் தடத்தில் ஆடுகூட இறங்காது என்கிறாள் காத்தினா.

கம்பெனிக்காரரும் வந்தார், மோட்டார் படகில், வெள்ளைச் சட்டை. பிடுங்கின குச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகையைச் சுற்றி வந்தார், குடத்தை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி இல்லாம எத்தன நாளம்மா இருப்பீங்க?" என்றார், ரொம்ப மரியாதையாக.

"நீங்க வந்தா எப்படி இருப்பீங்க?"

"நாங்க குழாய் போடுவோம்."

"அப்ப முதல்ல போட்டுட்டு வாங்க, நான் குடிச்சிட்டுச் சொல்றேன்."

சிரித்தார். "அவசரமில்ல. அக்டோபர்ல வர்றேன்" என்றார். அவருக்குத் தெரியும், அக்டோபரில் நான் இங்கே இருக்க முடியாது என்று. எனக்கும் தெரியும். உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று: முட்டியில் தவழ்ந்து இந்த மலையில் ஏறினாலும் ஏறுவேன், அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன். இது புனித போக்காஸ் விளக்கின் முன்னால் சொன்னது.

மாதா திருநாள் நோன்பு நடக்கிறது. கீரையும் ரொட்டியும். நோன்பில் இருக்கிறவளுக்கு வறுமை தெரியாது, இதுவும் ஒரு வசதி.

அர்கிரோ

---

மெல்போர்ன், 1993 ஆகஸ்ட் 23

அர்கிரோ,

மினாஸ் அனுப்பிய போட்டோக்கள் வந்தன. வீட்டுப் படம் எட்டு, மணல் படம் முப்பது. ஒன்றில் நீ குடத்தோடு நடக்கிறாய். வலது காலை இழுக்கிறாய். அம்மாவும் கடைசியில் அப்படித்தான் இழுத்தாள்.

இதைச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில் செய்த சத்தியம். பாப்பாவிடம் கேட்டேன், இங்கே உள்ள பாதிரியாரிடம். சொல்லலாம் என்று அவரும் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்றும் சொல்லவில்லை. பாவம் வந்தால் என்னோடு இருக்கட்டும்.

நாற்பத்திரண்டாம் வருஷம், பஞ்சம். ஊரில் நாய்கூட இல்லை. உன்னைக் காய்ச்சலோடு அத்தையிடம் விட்டுவிட்டு அம்மா என்னை அங்கே இழுத்துப் போனாள். நாற்பது நாள் இருந்தோம். பாறையில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டித் தின்றோம், உப்பு எடுத்தோம். அந்த உப்பைக் கலாமியில் கொடுத்து வாங்கின கைப்பிடி பார்லிதான் அத்தை வீட்டில் உன் வாயில் போனது. எனக்கு ரொட்டி கேட்டு அழுதேன். "உனக்குச் சிப்பி இருக்கு, அவளுக்கு என்னடி இருக்கு?" என்று அம்மா என்னை அடித்தாள். இன்றைக்கும் அந்த மணல் என்றால் எனக்கு அந்த அடிதான். சிமென்ட் போட்டு மூடச் சொன்னது அதனால்தான், கம்பெனியின் ஆசையினால் இல்லை. நம்பினால் நம்பு.

நாற்பது நாள் எதைக் குடித்திருப்போம் என்று நினைக்கிறாய்?

அத்தி அடிக்கட்டையில் நின்று கோயில் வாசலைப் பார். அம்மா நடையில் ஏழு தப்படி, உன் கால் குட்டை, எட்டுத் தப்படி வை. தட்டையான கறுப்புக் கல் ஒன்று இருக்கும், மணல் மூடியிருக்கும். கம்பியால் குத்திப் பார், சத்தம் வேறாக இருக்கும். அதைப் புரட்டி முழங்கை ஆழம் தோண்டு. முதலில் வருவது உப்பாக இருக்கும், இறைத்துக் கொட்டு. மூன்றாவது தடவை ஊறி வருவதைக் குடிக்கலாம். அத்திமரம் சும்மா அங்கே முளைக்கவில்லை.

அன்னியச் சிப்பாய்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அம்மா கல்லைப் போட்டு மூடினாள். ஒருத்தரிடமும் சொல்லாதே என்று போக்காஸ் விளக்கின் மேல் என் கையை வைத்தாள். "தங்கச்சிகிட்டயும் சொல்லக் கூடாதா?" என்றேன். "அவளுக்கு நேரம் வரும்போது நான் சொல்லிக்கிறேன்" என்றாள். சொல்லாமலே போய்விட்டாள்.

உனக்கு மிச்சத்தைக் கொடுத்தாள் என்று முப்பத்தெட்டு வருஷமாக நீ புலம்புகிறாய். எனக்குச் சுவரைக் கொடுத்தாள், உனக்குத் தண்ணீரைக் கொடுத்தாள். அதற்காக அவளை நான் மன்னிக்கவே இல்லை. எழுதிவிட்டேன், இனிப் பேச ஒன்றுமில்லை.

வீட்டை யாருக்கும் விடவில்லை. மினாஸ் சாவியைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டானாம். அடுத்த ஈஸ்டருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கிடைக்குமா என்று தெரியவில்லை.

காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

செவஸ்தி

---

அர்கிரோவின் மணல், 1993 செப்டம்பர் 22, புனித போக்காஸ் திருநாள்

அக்கா,

எட்டாவது தப்படியில் இல்லை, ஒன்பதில். என் கால் நீ நினைத்ததைவிடக் குட்டை.

முதல் வாளியை நான் குடிக்கவில்லை. சாமிக்கு முன்னால் வைத்தேன். இரண்டாவதைக் கழுதை குடித்தது. மூன்றாவதைக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, உன் பேரைச் சொல்லி ஒரு மாதா ஜெபம், அம்மா பேரைச் சொல்லி ஒன்று. அம்மாவோடு கொஞ்சம் சண்டையும் போட்டேன், உனக்காக. உனக்கும் கொஞ்சம் பார்லி கொடுத்திருக்க வேண்டும் அவள். எனக்குத் தெரிந்திருந்தால் அதைத் தின்ன நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

கல்லைத் திரும்ப மூடவில்லை. கலாமிப் பெண்களுக்குக் காட்டினேன், சுற்றிக் கல் அடுக்கிவிட்டோம். இனி யாரிடமும் மறைக்க வேண்டாம், சத்தியம் என்னுடையது அல்ல. இன்று திருநாளுக்கு எழுபது பேர் வந்தார்கள். எல்லாருக்கும் இந்தத் தண்ணீரில்தான் ஆட்டுக் குழம்பு. துறைமுகத்துக் காபிக் கடைக்காரர்கள் படகில் வந்தார்கள், எல்லா ஸ்தமாதிஸும். ஜெர்மன் பெரியவர்கூட வந்தார். உடுத்திக்கொண்டு வந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. பாப்பா யாக்கோவோஸ் மூச்சு வாங்கிக்கொண்டு மலை இறங்கி வந்து பூசை வைத்தார், வாளியிலிருந்து குடித்தார், "துக்கத்துல இருக்கிற பொம்பள..." என்று ஆரம்பித்துவிட்டு இன்னொரு குவளை கேட்டார்.

கம்பெனிக்காரர் அக்டோபரில் வரட்டும். ஒரு குவளை கொடுத்து அனுப்புகிறேன்.

பவர் பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பென்சில் குறி இருந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தாள் வீணாகவில்லை, அதிலே ஒரு கைப்பிடி உப்பு மடித்திருக்கிறேன், வடக்குப் பாறைக் குழியில் நானே சுரண்டியது. அங்கே கஸ்டம்ஸ்காரன் பிடித்தால் யாருடைய உப்பு என்று கேட்பான். என் பேரைச் சொல். உன் பேரையும் சேர்த்துச் சொல்.

ஈஸ்டருக்கு உன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வருவேன். குடியிருக்க வரமாட்டேன். நீ வந்தால், ஆணியில் சாவி இருக்கிறது, பையை அங்கே போட்டுவிட்டு நடந்து இங்கே வா. கடைசித் திருப்பத்தில் நில். நான் கீழேதான் இருப்பேன். ரொட்டி சுட்டு வைத்திருப்பேன், முதல் துண்டு உனக்கு.

அர்கிரோ